பழைய காரைக் கழற்றுவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைச் சொந்தக் கையாலேயே புதுப்பிப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையையும், அதற்கு மறுப்பாக அடுத்த வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். ஆர்வமும் பொறுமையும் இருந்தால் எவரும் செய்துவிடலாம் என்பது கட்டுரையாளரின் கட்சி. தொழில் தெரியாதவர் ஸ்பேனரைத் தொடவே கூடாது என்பது கடிதக்காரரின் கட்சி. இருவருமே காரை ஒரே வேலையாகவும், அதுபற்றிய முடிவை ஒரே முடிவாகவும் எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பதுதான் எனக்குள்ள குறை. ஒரு காருக்குள் தகட்டு வேலை, இன்ஜின் வேலை, மின்கம்பி வேலை, இருக்கைத் தையல், முலாம், பெயிண்ட் என்று தனித்தனித் தொழில்களே ஏழெட்டு அடங்கியிருக்கின்றன. நானா, பட்டறையா என்ற கேள்வியை ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்கும்போது, எனக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு முன்னால், இந்த வேலை பிசகினால் திரும்பச் செய்ய முடியுமா, அந்தப் பிசகு யாருடைய உடம்பில் போய் விடியும் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

நான் மெக்கானிக் அல்லன். கணக்குத் தணிக்கை என் தொழில். என்னிடம் இருப்பது 1962-ஆம் ஆண்டின் மோரிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் அறிமுகமான இந்த வண்டிதான் பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் கார். ஆகவே அரிய பொருள் எதையும் நான் வைத்திருப்பதாக யாரும் எண்ண வேண்டாம். வண்டி என்னிடம் வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. முதல் நான்கு ஆண்டுகள் எல்லாவற்றையும் நானே செய்யப் பார்த்தேன். அடுத்த இரண்டு ஆண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பட்டறையிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினேன். இரண்டும் சரிவரவில்லை. மிச்சமுள்ள ஐந்து ஆண்டுகளில்தான் வேலையைப் பிரித்துக் கொடுக்கப் பழகினேன். இரு தரப்புக்கும் எதிராகச் சாட்சி சொல்லும் தகுதி அந்த வகையில் எனக்கு உண்டு என்று நம்புகிறேன்.

கட்டுரையாளரும் கடிதக்காரரும் கேட்காமலேயே தாண்டிப்போன ஒரு கேள்வி இருக்கிறது: அந்த வண்டிக்குப் புதுப்பிப்பு தேவைதானா? பழங்கால வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2012-ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், இருப்பதை இருந்தபடி காப்பதையே முதன்மைப்படுத்துகிறது. தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும், கூடிய மட்டும் குறைவாகக் கை வைக்கச் சொல்கிறது. பளபளப்புக்கே பேர்போன பெபிள் பீச் கார் கண்காட்சியில்கூட 2024-ல் முதல் பரிசு பெற்றது, புதுப்பிக்கப்படாமல் காலத்தின் வடுக்களோடு காக்கப்பட்டு வந்த 1934-ஆம் ஆண்டுப் புகாட்டி டைப் 59. காப்புப் பிரிவிலிருந்து வந்த வண்டி ஒன்று அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. இதெல்லாம் கோடீஸ்வரர்களின் உலகம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் என் மைனரின் முன்னிருக்கைகளில் அரை நூற்றாண்டு உட்கார்ந்து உட்கார்ந்து சந்தனக்கட்டை போல் வழவழத்துப் போயிருந்த பழைய தோலை, ஓரத்தில் தையல் விட்டிருந்தது என்ற ஒரே காரணத்துக்காக நான் கிழித்தெறிந்தேன். புதிய உறை இன்னும் பிளாஸ்டிக் வாடை வீசுகிறது. விட்ட தையலை மட்டும் திரும்பப் போட்டிருந்தால் ஒரு பிற்பகலில் வேலை முடிந்திருக்கும். அந்தத் தவறைச் செய்யத் தொழிலாளி யாரும் எனக்குத் தேவைப்படவில்லை; நானே போதுமானவனாக இருந்தேன்.

தேவைதான் என்று தெரிந்த பிறகு, காரை முழுதாகப் பரிசோதித்துப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. நாம் பெரும்பாலும் மேலே உள்ள பெயிண்டைப் பார்த்து மயங்குகிறோம், அல்லது மட்கார்டில் உள்ள துருவைப் பார்த்து மிரளுகிறோம். இரண்டும் வண்டியின் உண்மை நிலையைச் சொல்வதில்லை. தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டை, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் இடத்தை, ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் குத்திப் பார்க்க வேண்டும். சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்தினால், பட்டி பூசி மறைத்திருக்கும் இடங்களில் அது பிடியை விட்டுவிடும். எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர்களில் யாரோ ஒரு புண்ணியவான், பின் சக்கர வளைவில் தகடு இருக்க வேண்டிய இடத்தில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து அதன் மேல் பட்டி பார்த்திருந்தார். அது தங்கள் நாளிதழ் அல்ல என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

பரிசோதனையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வண்டியின் எலும்பு எங்கே இருக்கிறது என்பதுதான். தனிச் சேஸிஸ், அதாவது தனி அடிச்சட்டம், உள்ள வண்டிகள் ஒரு வகை. 1948-ல் வந்த லேண்ட் ரோவரில் எஃகுச் சட்டத்தின் மேல் அலுமினியக் கலவைத் தகடுகள் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் மேற்கூடு முழுவதையும் போல்ட்டுகளைக் கழற்றி அடித்தளத்திலிருந்து தூக்கிவிடலாம். மேற்கூட்டில் நாம் செய்யும் பிழை அங்கே பெரும்பாலும் அழகைக் கெடுப்பதோடு நின்றுவிடும். கூடே எலும்பாகவும் இருக்கும் மைனர் போன்றவை இன்னொரு வகை. இவற்றில் ஒரு பெட்டித் தகட்டை வெட்டுவது என்பது முதுகெலும்பில் அறுவை செய்வதற்குச் சமம். இந்த வேறுபாடு தெரியாமல் நான் செய்த காரியத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இடப்பக்கக் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு துருவால் அப்பளம் போல் நொறுங்கிக்கொண்டிருந்தது. வெல்டிங் பழகி மூன்று மாதம் ஆகியிருந்த துணிச்சலில், வண்டியின் முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டு, அந்தத் தகட்டை முழுநீளத்துக்கும் வெட்டி எடுத்தேன். புதுத் தகடு கச்சிதமாகப் பொருந்தியது. கனல் அதிகமானால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தத் தகடு நெளிந்துவிடும் என்று படித்திருந்ததால், சேலைக்கு ஊசி குத்துவதுபோல் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைத்தேன். பற்று நன்றாகவே பிடித்திருந்தது. இன்றும் அதில் குறை சொல்ல முடியாது. வண்டியைத் தரையில் இறக்கிக் கதவைச் சாத்தினேன். கதவின் பின்புற மேல்மூலை, நடுத்தூணில் போய் 'டக்' என்று இடித்து நின்றது. விரல் நுழையும் அளவு இருந்த இடைவெளி அங்கே அறவே இல்லை. கீழே வந்தால் அதே இடைவெளி ஆப்பாக விரிந்துகொண்டே போயிற்று. என்ன நடந்ததென்றால், இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் எலும்பை எடுத்தவுடன் வண்டி தன் எடையிலேயே நடுவில் தொய்ந்திருக்கிறது. கதவுக்கு முன்னும் பின்னும் நிற்கும் தூண்கள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அந்தச் சாய்வை அப்படியே நிரந்தரமாக்கி நான் பற்றவைத்திருக்கிறேன். தகடு வேலை தெரிந்த எவரும் வெட்டுவதற்கு முன் கதவைக் கழற்றி, அந்த வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து இறுக்கிக்கொள்வார்கள். கதவை மாட்டி எடுத்து மாட்டி எடுத்து ஒவ்வோர் அங்குலமாக இடைவெளியைச் சரிபார்ப்பார்கள். பற்றவைக்கக் கற்ற எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் போட்டதை முழுதும் அறுத்தெடுத்து, தூண்களை இழுத்து நிறுத்தி, இன்னொரு புதுத் தகடு வைத்துத் தந்தார் ஒரு முதிய டிங்கர். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கதவை மூன்று முறை சாத்திப் பார்த்துவிட்டு, வெல்டிங் அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இதிலிருந்து தகட்டு வேலையே கூடாது என்று நான் முடிவு கட்டவில்லை. கழற்றிப் போடக்கூடிய மட்கார்டை, பானட்டை, டிக்கி மூடியைத் தாராளமாக நாமே பழகலாம். பாழானால் வேறொன்று வாங்கலாம். வண்டியின் நேர்கோட்டையும் சதுரத்தையும் தாங்கும் இடங்களை மட்டும் தெரிந்தவரிடம் விட வேண்டும். காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், ஒரு போல்ட்டையும் தொடுவதற்கு முன் அந்த மாடலை நன்கறிந்த ஒருவரை ஒருநாள் வரவழைத்து, வண்டியின் அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லி, அவர் சொல்வதை எழுதி வாங்குவதுதான் என்பேன்.

நாமே செய்ய வேண்டியது என்று நான் அடித்துச் சொல்வது கழற்றும் வேலை. இது யாருக்கும் ஆசையற்ற வேலை. ஆனால் புதுப்பிப்பில் மணிக்கணக்காக நேரத்தை விழுங்குவது கழற்றுவதும் துடைப்பதும் துருச் சுரண்டுவதும் அடையாளம் போடுவதும்தான். இந்த மணிகளுக்கெல்லாம் தொழில் வல்லுநரின் கூலியைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. தவிரவும், ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது நாலு கோணத்தில் படம் எடுத்து, அதன் போல்ட்டுகளோடு தனிப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதி வைக்கும் அக்கறை உடைமையாளருக்கு இருப்பதுபோல் மற்றவருக்கு இராது. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இது இன்னும் முக்கியம். ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841-ல் போல்ட்டுகளுக்கு வகுத்த மரையின் கோணம் 55 பாகை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த அமெரிக்க வழி மரையின் கோணம் 60 பாகை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிய காலத்து என்னுடையதைப் போன்ற வண்டிகளில் இரண்டும் கலந்திருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். இரண்டு மூன்று சுற்று கையாலேயே ஏறவும் செய்யும். அதற்கு மேல் ஸ்பேனரைப் போட்டு இறுக்கினால் மரை மழுங்கிவிடும். எந்த நட் எந்த போல்ட்டுக்கு என்று எழுதி வைத்திருப்பவன் பிழைத்தான்.

கார்புரேட்டரையும் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். மைனரில் இருக்கும் எஸ்.யு. கார்புரேட்டர், காற்றின் இழுப்புக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு பிஸ்டனும் அதன் அடியில் துளைக்குள் நுழையும் கூம்பிய ஊசியுமாக, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துச் சுத்தம் செய்யக்கூடிய எளிய கருவி. பிசகினால் வண்டி இருமும், அவ்வளவுதான், மீண்டும் கழற்றலாம். மின்கம்பி வேலையும் பொறுமைசாலிகளுக்கு உகந்ததே, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யும் வரை. ஆனால் என் வண்டியில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளிலேயே பழகிய பையன் ஒருவன் பட்டறையில் அதை மாற்றி மாட்டியதில், நான் ஆசையாகப் பொருத்தியிருந்த ரேடியோ புகைந்து போயிற்று.

இனி, நாமே செய்யக் கூடாதவை. இங்கே திறமையைப் பற்றிப் பேச்சே இல்லை. உடம்பைப் பற்றித்தான் பேச்சு. இன்று பட்டறைகளில் அடிக்கும் இரு கலவைப் பெயிண்டுகளின் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பெயிண்டர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சை அடைக்கும். இதன் நெடி, ஆபத்தான அளவைத் தாண்டிய பிறகும் மூக்குக்கு எட்டாமல் இருக்கக்கூடும் என்பதால், கரி வடிகட்டி வைத்த சாதாரண முகமூடியை நம்ப முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே செலுத்தும் முகமூடியும், தனிப் பெயிண்ட் அறையும் வேண்டும். வீட்டுக் கொட்டகையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இதை அடிப்பவர்களின் படங்களைப் பெருமையாகப் பகிர்கிறார்கள். பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. பெயிண்டுக்கு அடிப்படையான தேய்ப்பு வேலையையும் பட்டி வேலையையும் நாம் செய்து கொடுத்துவிட்டு, அடிப்பதை மட்டும் பெயிண்டரிடம் விடலாம். கூலியும் குறையும். தேய்க்கும்போதும், பழைய பெயிண்டிலும் பழைய உடல் மூட்டுகளிலும் ஈயம் இருக்கும் என்பதை மறவாமல், உலர்ந்த தூள் பறக்காதபடி நீர்விட்டுத் தேய்ப்பது நல்லது.

பழைய பிரேக் லைனர்களிலும் கிளட்ச் தட்டிலும் சில கேஸ்கட்டுகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு. பிரேக் டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தள்ளுவது நம்மில் பலரின் கை வழக்கம். பழைய வண்டியில் அதைச் செய்வது கல்நார்த் தூளை நாமே நம் நுரையீரலுக்கு அனுப்புவதாகும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டி முறையாக அப்புறப்படுத்த வேண்டும். பெட்ரோல் டாங்கை எந்தச் சூழ்நிலையிலும் வீட்டில் பற்றவைக்கக் கூடாது. காலி டாங்க்தானே என்பார்கள். நிறைந்த டாங்கைவிட ஆவி நிரம்பிய காலி டாங்குதான் வெடிக்கத் தயாராக இருக்கிறது. குரோமியம் முலாமைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: செம்பு, நிக்கல், அதன்மேல் மிக மெல்லிய குரோமியம் என்று மூன்றடுக்கில் வரும் அந்த வேலையின் தொட்டிகளில் புற்றுநோய் தரும் ஆறிணைதிறக் குரோமியம் உள்ளது, அது ஆலைகளிலேயே இருக்கட்டும். துருவை நீக்க வாஷிங் சோடா கரைசலில் மின்சாரம் செலுத்தும் எளிய முறையை வீட்டில் செய்பவர்கள், எதிர்ப்பக்கத் தகடாகத் துருப்பிடிக்காத எஃகை வைத்தால் அதே நஞ்சு தங்கள் வாளியிலும் உருவாகும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். சாதாரண இரும்புத் துண்டே போதும்.

இன்ஜின் விஷயத்தில் தொழில்முறைப் பட்டறைகளே எல்லாவற்றையும் தாமே செய்வதில்லை. சிலிண்டரின் உட்துளையைக் கடைந்து பெரிதாக்குவதும் கிராங்க் ஷாஃப்டைக் கடைவதும் லேத் பட்டறைக்குத்தான் போகின்றன. ஆகவே இன்ஜினை இறக்குவதும் பிரிப்பதும் நாம், கடைவது லேத் பட்டறை, திரும்பக் கோப்பது நாம் என்று பிரித்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிலிண்டர் ஹெட்டை அனுப்பும்போது ஒன்றை மட்டும் சொல்லி அனுப்ப வேண்டும். பழைய இன்ஜின்களின் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகள், அதாவது வால்வு மூடும்போது வந்து அமரும் இடங்கள், பெட்ரோலில் கலந்திருந்த ஈயத்தின் காப்பை நம்பிச் செய்யப்பட்டவை. 2021-ல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு கார்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகெங்கும் விற்பனையிலிருந்து மறைந்துவிட்டது. ஹெட் கையில் இருக்கும்போதே கடினப்படுத்திய இருக்கைகளை வைத்துவிட்டால் இன்னொரு முறை பிரிக்க வேண்டியதில்லை. அப்படியே, எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்து ஊற வைக்கும் என்பதால் அவற்றையும் மாற்றிவிடலாம்.

பிரேக்கும் ஸ்டியரிங்கும் நடுவில் நிற்பவை. வேலை கடினமல்ல; பிழையின் விலைதான் கடுமை. என் வண்டியின் பிரேக் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் மரையிட்ட மூட்டுக்குக் கிரீஸ் அடிக்காமல் விட்டால், மரை தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் உள்ளே மடங்கி வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். இது மைனர்காரர்கள் அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் மைனரைப் பார்த்திராத, மற்றபடி மிகத் திறமையான ஒரு மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள் என்று எழுதிய வாசகர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார். சிட்ரோயன் டிஎஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் எல்லாமே ஒரே நீரழுத்த அமைப்பில் இயங்கும் வண்டி அது. 1960-களின் நடுப்பகுதி வரை வந்தவற்றில் சிவப்புத் திரவம், அதன்பின் வந்தவற்றில் பச்சை நிறக் கனிம எண்ணெய். ஒன்றில் மற்றதை ஊற்றினால் அமைப்பு முழுவதிலும் உள்ள ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள, ஆனால் டிஎஸ்ஸைத் தொட்டிராத கையைவிட, தயாரிப்பாளரின் கையேட்டை வரிவரியாகப் படித்த உடைமையாளரின் கை அங்கே பாதுகாப்பானது. ஆகவே ஒரு பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை ஆண்டு தொழில் என்று கேட்பதைவிட, இதே மாடலில் கடைசியாக முடித்த வண்டி எது, அதன் உடைமையாளரிடம் நான் பேசலாமா என்று கேட்பதே மேல்.

என் இரண்டாண்டுப் பட்டறை வாசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தவறில் பாதி என்னுடையது. வாய்ப்பேச்சிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, கணிசமான முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் மாதத்திலேயே வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டார்கள். அதோடு வேலை நின்றது. எட்டாவது மாதம் போய்ப் பார்த்தபோது, நான் பையில் போட்டுச் சீட்டெழுதிக் கொடுத்திருந்த போல்ட்டுகள் அனைத்தும், இடப்பற்றாக்குறை காரணமாம், ஒரே பெயிண்ட் வாளியில் கொட்டப்பட்டிருந்தன. வாளியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். நான்காண்டு உழைப்பு என் விரல்களின் இடுக்கில் கிணுகிணுத்துக்கொண்டு திரும்ப வாளிக்குள் விழுந்தது.

கோபம் ஆறிய பிறகு அவர்கள் பக்கமும் புரிந்தது. துருப்பிடித்த வண்டிக்கு மொத்தத் தொகை பேசச் சொல்வது, கிணறு வெட்டினால் எந்த ஆழத்தில் பூதம் கிளம்பும் என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொல்வதைப் போன்றது. நாணயமான பட்டறை அதற்கு ஒப்புக்கொள்ளாது. பாதியில் பணம் தீர்ந்து, தொலைபேசியையும் எடுக்காமல் மறைந்துவிடும் வாடிக்கையாளர்கள் விட்டுப்போன எலும்புக்கூடுகள் மூன்று அதே கூடத்தில் நின்றுகொண்டிருந்தன. இதற்கு வழி, வேலையைக் கட்டம் கட்டமாக ஒப்படைப்பதுதான். முதல் கட்டம் கழற்றலும் மதிப்பீடும் மட்டும். அதற்குப் பணம் கொடுத்து, படங்களோடு அறிக்கை வாங்கி, பிறகே அடுத்த கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தில் ஒப்பந்தம், பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனிக் கணக்கு, குறித்த தொகையைத் தாண்டுமானால் கேட்ட பிறகே தொடர வேண்டும் என்ற நிபந்தனை, கழற்றிய பழைய பாகங்கள் எனக்கே சொந்தம் என்ற வரி, வண்டி அங்கே நிற்கும் காலத்தில் தீக்கும் திருட்டுக்கும் யார் காப்பீடு என்ற தெளிவு ஆகியவை இருந்தால் போதும். தணிக்கையாளனாகிய நான் மற்றவர்களுக்கு நாள்தோறும் சொல்லும் இவற்றை என் வண்டிக்குச் செய்யாமல் விட்டது ஏன் என்று என் மனைவி இன்றும் கேட்கிறார்.

நேரத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. முழுப் புதுப்பிப்பு என்றால் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம். வாரம் எட்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு ஆயிரம் மணி என்பது 125 வாரம், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. ஒரு வார இறுதிகூட உறவினர் வீட்டு விசேஷத்துக்கோ உடல்நலக் குறைவுக்கோ போகக் கூடாது. கொட்டகைகளில் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் போட்டபடி விற்பனைக்கு வரும் வண்டிகள் எல்லாம் இந்த அரைக்கிணற்றைத் தாண்டியவர்களுடையவை. நேரம் குறைந்தவர்கள் வண்டியை ஓடும் நிலையிலேயே வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு பிரேக், அடுத்த ஆண்டு மின்கம்பி என்று ஒவ்வொன்றாகச் செய்வது உத்தமம். ஓட்டிக்கொண்டே செய்யும்போது ஆர்வமும் வற்றுவதில்லை.

பாகங்கள் கிடைப்பதும் முடிவை மாற்றும். மைனருக்கும் பீட்டிலுக்கும் ஏறக்குறைய எல்லாப் பாகமும் இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது. எம்ஜிபி காருக்கு 1988 முதல் முழு உடற்கூடே பழைய அச்சுகளில் புதிதாக அடித்துத் தரப்படுகிறது. இத்தகைய வண்டிகள் கற்றுக்குட்டிக்கு ஏற்றவை. கெடுத்த பாகத்துக்கு மாற்று உண்டு. உலகில் சில நூறே மிஞ்சியிருக்கும் வண்டியில், உடைந்த ஒரு கைப்பிடியைக்கூட வார்த்தெடுத்துத்தான் ஆக வேண்டும். அங்கே கற்றுக்கொள்ள முனைவது நியாயமில்லை. பணத்தைப் பற்றி ஒரே வாக்கியம்: சாதாரண மாடல்களில் புதுப்பிப்புக்குச் செலவாவது பெரும்பாலும் வண்டியின் விலையை மிஞ்சிவிடும் என்பதால், லாபத்துக்காக இதில் இறங்குபவர் யாரும் இக்கடிதத்தைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, ஐசோசயனேட், கல்நார், பெட்ரோல் டாங்க் ஆகிய மூன்றைப் பற்றிய எச்சரிக்கையாவது ஒரு கட்டத்துக்குள் கண்ணில் படும்படி அச்சாக வேண்டும். காரின் உடைமையாளர்களே எழுதிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, ஒரு டிங்கரிடமோ ஒரு பெயிண்டரிடமோ பேட்டி எடுத்துப் போடுங்கள். கதவு வாசலில் குழாய் கட்டாமல் தகட்டை வெட்டாதே என்பதை அவர்கள் ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

இவ்வாரம் மைனரின் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுகிறேன். அது ஓட்டுநரின் காலடியில், அடிச்சட்டத்தின் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. விரிப்பை விலக்கி, தளத்தில் உள்ள ஒரு சிறு மூடியைத் திறந்துதான் பிரேக் ஆயிலே ஊற்ற முடியும். கழற்றுவதும் சுத்தம் செய்வதும் புதியதைப் பொருத்துவதும் நான். மிதியை மிதித்தபடி ஒவ்வொரு இணைப்பாகக் கசிவு பார்ப்பதற்குச் சனிக்கிழமை காலை ஒரு மெக்கானிக் வருகிறார். அவர் சரியென்று சொல்லும் வரை வண்டிச் சாவி என் மனைவியிடம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்